மலை மறைந்த காலையில் சின்ன விமானம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகளுக்கு சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டில் பைலட் பயிற்சி. வீட்டம்மா டிவியில் பார்த்த ஹெலிகாப்டர் விபத்தையெல்லாம் நினைத்துக்கொண்டு ராத்திரி தூங்குவதில்லை. உங்களுக்கு வேறொரு சந்தேகம்: ஏற்காடு பஸ் டிரைவர் பத்தடி தெரியாத பனியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறார், இத்தனை கருவி வைத்திருக்கும் விமானம் மட்டும் மேகத்துக்குள் போனதும் ஏன் மலையில் போய் மோதுகிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். நான் இளவயதில் லைசென்ஸ் வாங்கி, கொஞ்ச காலம் சின்ன விமானங்கள் ஓட்டி, அப்புறம் பல வருடம் பயிற்சி மாணவர்களுக்கு வானிலைப் பாடம் எடுத்தவன். இப்போது சேலத்தில் வீட்டு மொட்டை மாடியில் காபி டம்ளரோடு நின்று, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பார்ப்பதுதான் வேலை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பஸ். பனி கெட்டியாகிவிட்டால் அந்த டிரைவர் என்ன செய்கிறார்? ஃபர்ஸ்ட் கியரில் போடுகிறார், தலையை வெளியே நீட்டிக் கைப்பிடிச் சுவரைப் பார்க்கிறார், ஹாரன் அடிக்கிறார், அதுவும் முடியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு பீடி பற்றவைக்கிறார். விமானத்தில் இந்த நாலும் கிடையாது. பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 மாதிரி ஒரு விமானம் சாதாரணமாக மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதாவது ஒரு நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். ரொம்பவும் மெதுவாக்கினால் இறக்கை தாங்காது, விழுந்துவிடும். முன்னால் ஒரு கிலோமீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தரையில் நமக்கு அது தாராளம், ஆனால் அந்த பைலட்டுக்கு அது 18 நொடி. திரும்பிவிடலாம் என்றால், 30 டிகிரி சாய்த்துத் திருப்பினாலும் அந்த வேகத்தில் முழுதாகத் திரும்ப ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான அகலம் வேண்டும். மலை இடுக்கில் அந்த அகலம் இருக்கிறதா என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

இதெல்லாம்கூட இரண்டாவது பிரச்சினைதான். பஸ் டிரைவருக்கு எவ்வளவு பனியிலும் எது மேல், எது கீழ் என்று தெரியும், ரோடு சக்கரத்தைப் பிடித்திருக்கிறது, அவர் உட்கார்ந்திருக்கும் சீட் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேகத்துக்குள் போன பைலட்டுக்கு அது தெரியாது. தெரியாது என்பதைவிட மோசம், தெரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் தப்பாகத் தெரியும்.

இதை வீட்டிலேயே காட்டலாம். போன வாரம் என் அக்கா பேரன், இன்ஜினியரிங் படிக்கிற பையன், இதே கேள்வியோடு வந்தான். எங்கள் கம்ப்யூட்டர் டேபிளில் கிடக்கும் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, "எந்தப் பக்கம் சுற்றுகிறாயோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டு, நின்றால் விரலை நேராக வை" என்று சொல்லி, வலப்பக்கமாக ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் விரல் சரியாக வலப்பக்கம் காட்டியது. பதினைந்து, இருபது நொடி போனதும், நான் அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன், விரல் மெல்ல நேராக நிமிர்ந்துவிட்டது. "என்ன தாத்தா, நிறுத்திட்டீங்களா?" என்கிறான். அப்போது நாற்காலியை நிஜமாகவே பிடித்து நிறுத்தினேன். விரல் படக்கென்று இடப்பக்கம் போனது. "ஐயோ, இப்போ எதிர்ப்பக்கம் வேகமா சுத்துறீங்க!" துண்டை அவிழ்த்துப் பார்த்தால் நாற்காலி அசையாமல் நிற்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பையனுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

உள்காதில் அரைவட்டக் குழாய்கள் மூன்று உண்டு, அவற்றில் ஒரு திரவம். நாம் திரும்ப ஆரம்பிக்கும்போது குழாய் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்த வித்தியாசம்தான் "திரும்புகிறோம்" என்ற உணர்வு. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும், வித்தியாசம் போய்விடும், திரும்பவில்லை என்று மூளை முடிவுகட்டிவிடும். ரொம்ப மெதுவாகச் சாய்ந்தால் ஆரம்பத்திலிருந்தே தெரியாது. சாதாரண நேரத்தில் கண் அடிவானத்தைப் பார்த்துக் காதின் தப்பைத் திருத்திவிடும். மேகத்துக்குள் அடிவானம் கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, வேட்டியை முகத்தில் போர்த்தின மாதிரி.

பயிற்சிக் காலத்தில் எனக்கே இது நடந்தது. வெளியே தெரியாதபடி தொப்பி மாதிரி ஒரு மறைப்பு மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார், வெளியே பளிச்சென்று வெயில், ஆபத்து ஒன்றும் இல்லை. அவர் என்னைக் குனிந்து மடியில் இருக்கும் மேப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, விமானத்தை மெல்ல மெல்லச் சாய்த்திருக்கிறார். "இப்போ எப்படிப் போறோம்?" என்றார். "நேரா சார்" என்றேன், அவ்வளவு நம்பிக்கையாக. நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தால் 40 டிகிரி இடப்பக்கம் சாய்ந்து மூக்கு கீழே போய்க்கொண்டிருக்கிறது. சரி என்று நேராக்கினேன், நேராக்கியதும் உடம்பு முழுக்க வலப்பக்கம் கவிழ்கிற மாதிரி ஒரு உணர்வு, கை தானாக மறுபடி இடப்பக்கம் இழுக்கப் பார்க்கிறது. மீட்டரை நம்புவதா உடம்பை நம்புவதா என்று அந்த இரண்டு மூன்று நொடி நடந்த சண்டையை இன்றுவரை மறக்கவில்லை.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1954-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேர். வெளியே தெரியாத நிலையை உண்டாக்கி, கட்டுப்பாடு போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். இருபது பேரும் கோட்டைவிட்டார்கள், சராசரி 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அதில் 19 பேருக்கு நடந்தது ஒரே மாதிரி: விமானம் தெரியாமல் சாய்கிறது, சாய்ந்ததால் மூக்கு இறங்குகிறது, உயரம் குறைவதை மீட்டரில் பார்த்த பைலட் பதறிப்போய் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கிறார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் மேலே போகாது, திருப்பம்தான் இன்னும் இறுகும், இன்னும் வேகமாக இறங்கும். கிரேவ்யார்ட் ஸ்பைரல் என்று பெயர், சுடுகாட்டுக்குக் கூட்டிப்போகிற சுழல். கொடுமை என்னவென்றால், கீழே பாய்கிற அந்த நேரத்திலும் உடம்புக்கு நேராக உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்ட் இறந்த விபத்து நினைவிருக்கும், 2020 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஹெலிகாப்டரில் இருந்த 9 பேரும் போனார்கள். மலைப்பக்கம் தாழ்வாக மேகம். பைலட் கட்டுப்பாட்டு அறைக்கு, மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று சொல்கிறார். சொல்கிற அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் உடம்பு அப்படித்தான் சொன்னது. இத்தனைக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர், கருவி பார்த்து ஓட்டும் தகுதியும் இருந்தது. ஜான் எஃப். கென்னடியின் மகன் 1999 ஜூலையில் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் கடலில் விழுந்தபோது மழையும் இல்லை, புயலும் இல்லை. ராத்திரி, கீழே கடல், நடுவில் மங்கலான புகை மாதிரி ஒரு மூட்டம், அவ்வளவுதான். வானம் எங்கே முடிகிறது கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அது போதுமாக இருந்தது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2021 டிசம்பர் 8, குன்னூர். சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர். அது சின்னதும் அல்ல, ஓட்டியவர்கள் விமானப்படைக்காரர்கள். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தையும் சேர்த்து அதில் போன 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் ஒரு வாரம் போராடிப் போனார். ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்போம்: ஹெலிகாப்டர் வருகிறது, வெள்ளைக்குள் நுழைகிறது, காணோம், சத்தம் மட்டும். அடுத்த மாதம் விமானப்படை சொன்ன காரணம், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் போனது, அதனால் பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பியது, அதனால் மலையில் மோதியது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை என்றும் சொன்னார்கள். அந்த வாரம் டீக்கடையில் எத்தனை சதிக் கதை கேட்டேன்! ஒரு மேகம் இவ்வளவு செய்யும் என்று நம்ப நம் மக்களுக்கு மனசு வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்றால், மேகம் நமக்குச் சுற்றுலா. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று "பனி சூப்பரா இருக்கு" என்று செல்ஃபி எடுக்கிறோமே, அதேதான் கீழே அஸ்தம்பட்டியில் நிற்கிறவனுக்கு மலை மேல் உட்கார்ந்திருக்கும் மேகம். இரண்டும் ஒன்றே, பார்க்கிற இடம்தான் வேறு. இதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது, மாணவர்களுக்கு நான் இந்த மலையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். காற்றின் வெப்பநிலை ஒன்று, டியூ பாயிண்ட் ஒன்று. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றில் இருக்கும் ஈரம் துளியாக மாறுமோ அதுதான் டியூ பாயிண்ட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் போட்டால் மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கிட்டத்தட்ட வரும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் காலை சேலத்தில் 25 டிகிரி, டியூ பாயிண்ட் 21 என்றால் வித்தியாசம் நாலு, மேகம் 500 மீட்டரில் ஆரம்பிக்கிறது, மலையில் பாதிக்கு மேல் காணோம். மத்தியானம் வெயில் ஏறி 32-ம் 22-ம் ஆனால் வித்தியாசம் பத்து, 1,250 மீட்டர், ஏற்காட்டு ஊர் தலைக்கு மேல் மயிரிழையில் தப்பிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலையில் மறைந்திருக்கும் மலை பத்து, பதினொரு மணிக்கு மேல் முகம் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். ஈரமான கீழைக்காற்று மலையில் முட்டி ஏறும்போது இந்தக் கணக்கையும் தாண்டி மேகம் இன்னும் கீழே வரும், குப்பனூர்ப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள்.

இப்போது இதை விமானத்தில் இருந்து பாருங்கள். காமலாபுரம் ஓடுபாதையிலிருந்து ஏற்காடு கிட்டத்தட்ட நேர் கிழக்கே 16 கிலோமீட்டர், பறந்தால் ஐந்து நிமிடம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி. ஒருவர் மேகத்துக்குள் போய்விடக் கூடாது என்று அதற்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு 3,000 அடியில் போனால் உச்சிக்கு 2,300 அடி கீழே போகிறார். மேகம் இறங்க இறங்க இவரும் இறங்குவார், தரையோ ஏறிக்கொண்டே வரும். ஏறித் தாண்டிவிடலாம் என்றாலும் கணக்கு உதைக்கும். இந்த மாதிரி விமானம் நல்ல நிலையில் 11 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் ஏறும், சமவெளியிலிருந்து ஏற்காட்டு உயரத்துக்கு ஏற 13, 14 கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும், சேலத்துச் சித்திரை வெயிலில் காற்று லேசாகிப்போனால் இன்னும் கூடும். மலைச் சரிவு அவ்வளவு இடம் தராது.

அப்படியானால் ஏன்தான் போகிறார்கள்? யாரும் "வா, மேகத்துக்குள் போகலாம்" என்று போவதில்லை. கண்ணால் பார்த்துப் பறக்க, நம் நாட்டில் 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலே கீழே 1,000 அடியும் தள்ளி இருக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வானத்தில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லையே. எட்டு கிலோமீட்டர் தெரிந்தது ஆறாகும், ஆறு நாலாகும், "கொஞ்ச தூரம்தான், அந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிற மாதிரி தெரிகிறது" என்று தோன்றும். பின்னால் முக்கியமான ஆள் உட்கார்ந்திருப்பார், அங்கே கூட்டம் காத்திருக்கும். ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பர் 2-ஆம் தேதி சித்தூர் மாவட்ட நிகழ்ச்சிக்காகக் கிளம்பி நல்லமலைக் காட்டில் விழுந்ததும் இப்படி ஒரு மழை நாளில்தான். அந்த விசாரணை அறிக்கையில் எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஆயில் பிரஷர் எச்சரிக்கை வந்ததும் விமானிகளின் கவனம் அதைச் சரிபார்ப்பதிலேயே போய்விட்டது, அந்த நேரத்தில் வலுவான கீழ்நோக்கிய காற்று அவர்களை அமுக்கியது. மழை மேகத்தின் பக்கத்தில் கவனம் சிதறினால் அவ்வளவுதான். மாதவராவ் சிந்தியா 2001-இல், பாலயோகி 2002-இல், டோர்ஜி காண்டு 2011-இல் என்று அரசியல்வாதிகள் பெயராகவே இந்தப் பட்டியல் நீள்வதற்குக் காரணம் அவர்கள்தான் சின்ன விமானத்தில் அதிகம் போகிறார்கள் என்பது மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. "இன்றைக்கு வேண்டாம் சார்" என்று முதலாளியிடம் சொல்வதைவிட மேகத்திடம் போவது பைலட்டுக்குச் சுலபமாகப் படுகிற ஒரு நிமிடம் வந்துவிடுகிறது.

இடி மின்னலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பெரிய ஆபத்துதான், ஆனால் தூரத்திலிருந்தே தெரிகிற ஆபத்து, அதனால் சுலபம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் மலைக்குப் பின்னால் கருப்பாகக் கிளம்பி, மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று அடிக்குமே, அந்தக் காற்றில் இறங்கப் போகிற விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று தூக்கிக் கொடுக்கும், அடுத்த நொடி பின்காற்றாக மாறிக் காலை வாரிவிடும். அதற்குப் பதில், அந்த நேரத்தில் தரையில் இருப்பது. வேறு வழி இல்லை.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று ஐஸ். சேலத்தில் ஐஸா என்று சிரிக்காதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜின்களில் பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகலான வழியில் காற்று பாயும்போதும் உள்ளே வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல்கூடச் சரியும். வெளியே 20, 25 டிகிரி, தூறல், ஈரம் நிறைந்த காற்று என்றால் உள்ளே ஐஸ் கட்டி மூச்சை அடைத்துவிடும். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், மெல்ல இறங்கும். அதற்கென்று சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுத்ததும் ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும், அப்போது இன்ஜின் இன்னும் மோசமாக இருமும், புதுப் பையன்கள் பயந்துபோய் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் இருமல் நின்று ஆர்பிஎம் தானாக ஏறும். அந்தக் கொஞ்ச நேரப் பொறுமையைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிபிஎஸ், ஆட்டோபைலட், திரையில் மலையையே வரைந்து காட்டும் கருவி எல்லாம் வந்துவிட்டதே என்பீர்கள். நிஜமாகவே உதவும், தெரியாமல் மேகத்துக்குள் போன பலரை ஆட்டோபைலட்டின் பொத்தான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கருவி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் முன்பு போகாத நாளில் போகிறவர்களும் உண்டு. கணக்கு அங்கே சமனாகிவிடுகிறது.

உங்கள் மகளுக்கு ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுப்பது ரொம்பச் சாதாரணமான விஷயம். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால், பதறாதே, வெளியே பார்க்காதே, தலையைச் சடாரென்று திருப்பாதே, செயற்கை அடிவானம் காட்டும் மீட்டரை மட்டும் பார்த்து, மெதுவாக, நொடிக்கு மூன்று டிகிரி வீதம், வந்த வழியே திரும்பு. அரைவட்டம் திரும்ப ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் உடம்பு ஆயிரம் பொய் சொல்லும், கேட்காதே. இதை மறைப்பு மாட்டிக்கொண்டு பல மணி நேரம் பழக்குவார்கள். விட்டுப்போனால் திரும்பத் துரு ஏறிவிடும் பழக்கம் இது, லைசென்ஸ் வாங்கிய பிறகும் பழகிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டம்மாவுக்கு நான் சொல்வது வேறு. மழை மாதத்தில் ஒரு காலை, மாடிக்குப் போய்ப் பாருங்கள். சேர்வராயன் மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் இருக்கிறது என்றால் மகளுக்கு போன் போட்டு, "கண்ணு, இன்னிக்குப் பறந்தியா?" என்று கேளுங்கள். "எங்கம்மா, காலையிலிருந்து கிளாஸ்ல உட்கார வெச்சு மேகப் படம் வரையச் சொல்றாங்க, போர் அடிக்குது" என்று அவள் சலித்துக்கொண்டால், அன்றைக்கு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.